நல்ல சீட்டுக்கு எவ்வளவு வைப்பது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு செய்தி வந்தது. “அக்கா, கடைசித் தவணையும் கட்டியாச்சு. இனி யாருக்கும் பாக்கி இல்லை.” அனுப்பியவன் எங்கள் துறையில் எனக்கு மூன்றாண்டு இளைய ஆய்வு மாணவன். கொல்கத்தாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே, தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் என்னை அக்கா என்று அழைக்கத் தொடங்கியவன். அவனுக்குப் போக்கர் ஆடக் கற்றுக்கொடுத்தது நான். கையில் வலுவான சீட்டு வந்தால் எவ்வளவு பணம் வைக்க வேண்டும் என்பதை, ஒரு மழைக்கால மாலை முழுவதும் துறையின் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் நான்தான். அந்தப் பாடத்தில் பிழை இல்லை. ஆனால் அது பாதிப் பாடம். மீதிப் பாதியை நான் சொல்லாமல் விட்டதற்கு அவன் ஏறத்தாழ இரண்டாண்டு தவணை கட்டினான். இரு பாதிகளையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நீண்ட பதிவு, பொறுமை உள்ளவர்கள் படிக்கவும்.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நாங்கள் ஆடுவது ‘நோ லிமிட் டெக்ஸாஸ் ஹோல்டெம்’. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மூடிய நிலையில் தரப்படும். பிறகு மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று, அது ஃபிளாப், பின் ஒன்று, அது டர்ன், இறுதியாக ஒன்று, அது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. நடுவில் குவியும் பணத்தைப் ‘பாட்’ என்பார்கள். ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தை உடையவர் அதை அள்ளிக்கொள்வார். அல்லது மற்றவர்கள் அனைவரும் விலகிவிட்டால் எஞ்சியவர் அள்ளிக்கொள்வார். ‘நோ லிமிட்’ என்பதன் பொருள், முன்னால் இருக்கும் தொகை முழுவதையும் எந்தக் கட்டத்திலும் வைக்கலாம் என்பதே. ரம்மியில் எந்தச் சீட்டை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் தீர்மானம். இங்கே சீட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடையாது. தேர்ந்தெடுக்க முடிவது ஓர் எண்ணை மட்டும்: எவ்வளவு?

எங்கள் ஆட்டம் சனிக்கிழமை இரவுகளில், ஆய்வாளர் விடுதியின் தேநீர் அறையில் நடக்கும். ஆளுக்கு 200 ரூபாய். அது தீர்ந்தால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும். எங்களுக்கு ஆட்டத்தை அறிமுகப்படுத்தியவர் முதுமுனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு வங்காளி. எல்லோருக்கும் அவர் ‘தாதா’. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் பெயர் சொல்லியே சூதாட்டம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது என்று முதல் நாளே பெருமையோடு சொன்னார். மற்ற மாநிலங்கள் பலவற்றில் இந்தத் தெளிவு இல்லை. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கர் வாய்ப்பை நம்பிய ஆட்டம் என்றே தீர்ப்பளித்தது.

நான் தொடக்கத்தில் மிக மோசமாக ஆடினேன். மோசமான சீட்டுகளை எறிந்துவிடும் கட்டுப்பாடு எனக்கு இருந்தது. அதனால் பெரிதாகத் தோற்கவில்லை. ஆனால் வெல்லவும் இல்லை. காரணம் புரிய ஓராண்டு ஆயிற்று. நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் நான் பயந்தேன். பெரிதாக வைத்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள், இவ்வளவு காத்திருந்து கிடைத்தது வீணாகிவிடும் என்ற பயம். ஆகவே கொஞ்சமாக வைப்பேன். விருந்தாளியைப் போக விடாமல் பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பதைப் போல.

ஒரு கையை முழுமையாகச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு எட்டுகள். கையில் ஜோடி இருக்கும்போது அதே எண் ஃபிளாப்பில் வந்து மூன்றாவது சேர்வதற்கு, நூற்றுக்கு ஏறத்தாழ 12 முறைதான் வாய்ப்பு. சேர்ந்தால் அதற்கு ‘செட்’ என்று பெயர். அன்று சேர்ந்தது. ஃபிளாப்பில் ஆட்டின் ராஜா, ஆட்டின் எட்டு, இஸ்பேட் மூன்று. பாட்டில் 60 இருந்தது. எதிரே தாதா மட்டும். நான் 15 வைத்தேன். அவர் ஈடு கொடுத்தார். டர்னில் கிளாவர் ஐந்து. பாட் இப்போது 90. நான் 20 வைத்தேன். மறுபடியும் ஈடு கொடுத்தார். ரிவரில் ஆட்டின் இரண்டு. பாட் 130. அவர் 100 வைத்தார். மனம் கேட்காமல் நானும் 100 வைத்தேன். அவரிடம் இரண்டு ஆட்டின்கள் இருந்தன. ஐந்து ஆட்டின் சேர்ந்து ஃபிளஷ் ஆகிவிட்டது.

“கடைசிச் சீட்டில் போயிற்றே” என்று நான் புலம்பினேன். அவர் தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டு ஒரு தாளில் எழுதினார். ஃபிளாப்பில் அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 47. அவற்றுள் ஆட்டின் 9. அடுத்த சீட்டிலேயே ஆட்டின் வருவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. (அவற்றுள் ஆட்டின் மூன்று வந்திருந்தால் எனக்கு ஃபுல் ஹவுஸ் ஆகியிருக்கும், அது அவருக்குத் தெரியாது.) நான் கேட்ட விலை என்ன? அவர் 15 கொடுத்தால் மொத்தம் 90 ஆகும் பாட்டில் பங்கு. 15ஐ 90ஆல் வகுத்தால் 16.7 விழுக்காடு. டர்னில் 20ஐ 130ஆல் வகுத்தால் 15.4, அவருடைய வாய்ப்போ 46இல் 9, அதாவது 19.6. இரண்டு முறையும் நான் அவருக்கு இலாபத்தில் சீட்டை விற்றிருக்கிறேன். “உன்னை ஆட்டின் தோற்கடிக்கவில்லை. நீ கேட்ட விலைக்கு வாங்காமல் போயிருந்தால்தான் நான் முட்டாள்” என்றார். ஃபிளாப்பில் 60க்கு 45 வைத்திருந்தால், அவருக்கு வேண்டிய வாய்ப்பு 150இல் 45, அதாவது 30 விழுக்காடு. அப்போதும் அவர் ஈடு கொடுத்திருக்கலாம். ஆனால் நட்டத்தில் கொடுத்திருப்பார். வென்றிருப்பேன் என்பதற்கு உறுதி இல்லை. வெல்லத் தக்க வகையில் ஆடியிருப்பேன் என்பது மட்டும் உறுதி.

இந்தக் கணக்கு பொதுவானது. பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால், ஈடு கொடுப்பவருக்கு 20 விழுக்காடு வாய்ப்பு போதும். பாதி வைத்தால் 25. முழுப் பாட் அளவு வைத்தால் 33. பாட்டைப் போல் இருமடங்கு வைத்தால் 40. வலுவான கை உடையவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கடைக்காரர். எதிராளிக்கு இன்னொரு சீட்டைப் பார்க்கும் உரிமையை விற்கிறார். விலையை அவர்தான் நிர்ணயிக்கிறார்.

இரண்டாவது பாடம் பெருக்கல். இதுதான் என்னை உண்மையில் அதிர வைத்தது. பாட்டில் 100 இருக்கிறது என்று கொள்வோம். மூன்று கட்டங்களிலும் பாட்டில் பாதியை வைக்கிறேன். எதிராளி ஒவ்வொரு முறையும் ஈடு கொடுக்கிறார். முதலில் 50, பாட் 200 ஆகிறது. பிறகு 100, பாட் 400. பிறகு 200. நான் எதிராளியிடமிருந்து பெற்றது 350. இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் முழுப் பாட் அளவை வைக்கிறேன். முதலில் 100, பாட் 300. பிறகு 300, பாட் 900. பிறகு 900. பெற்றது 1300. ஒவ்வொரு முறையும் வைத்த விகிதம் இருமடங்குதான். கிடைத்ததோ ஏறத்தாழ நான்கு மடங்கு. ஏனெனில் இன்றைய பந்தயம் நாளைய பாட்டைப் பெருக்குகிறது. நாளைய பந்தயம் அந்தப் பெருத்த பாட்டிலிருந்து அளக்கப்படுகிறது. கூட்டுவட்டியைப் போல. ஃபிளாப்பில் கூச்சப்பட்டு 20 வைத்தவர், ரிவரில் திடீரெனத் துணிச்சல் பெற்று 900 வைத்தால் யார் ஈடு கொடுப்பார்கள்?

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். என் முன்னால் எவ்வளவு இருக்கிறது, எதிராளி முன்னால் எவ்வளவு இருக்கிறது, இரண்டில் சிறியது எது? அது முழுவதும் ரிவரில் இயல்பாக உள்ளே போக வேண்டுமானால் இப்போது என்ன விகிதத்தில் தொடங்க வேண்டும்? பாட் 100, மிச்சம் 350 என்றால், முடிவில் பாட் 800 ஆகும். அதாவது 8 மடங்கு. எட்டின் கனமூலம் 2. ஒவ்வொரு கட்டத்திலும் பாட் இருமடங்காக வேண்டும். அதற்குப் பாதிப் பாட் போதும். மிச்சம் 1300 என்றால் முடிவில் 2700. 27இன் கனமூலம் 3. ஒவ்வொரு முறையும் முழுப் பாட். கரும்பலகையில் நான் இதை எழுதியபோது அந்தப் பையனின் முகம் மலர்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அவனும் கணிதக்காரன்தானே. “அப்படின்னா ஃபிளாப்லயே ரிவரைத் தீர்மானிக்கணும் அக்கா” என்றான். ஆமாம் என்றேன்.

எப்போதும் பெரிதாக வைப்பதுதான் விடையா? இல்லை. ஈடு கொடுக்க எதிரே ஏதாவது இருக்க வேண்டும். என்னிடம் இரண்டு ராஜாக்கள்; ஃபிளாப்பில் ராஜா, ஏழு, இரண்டு, மூன்றும் வெவ்வேறு இனம். மிக வலுவான கை. ஆனால் நான்கு ராஜாக்களில் மூன்று என் கணக்கில் போய்விட்டன. எதிராளி மகிழ்ச்சியோடு ஈடு கொடுக்க அவரிடம் மிஞ்சிய ஒற்றை ராஜா இருக்க வேண்டும். ஃபிளஷுக்கோ வரிசைக்கோ அருகில் நிற்பவரும் இல்லை. அங்கே சிறிதாக வைக்கலாம். சில வேளை ஒன்றும் வைக்காமலும் விடலாம். எதிராளி எதையாவது பிடிக்க நேரம் கொடுக்க வேண்டும். அதே செட், ஒன்பது, எட்டு, ஏழு என்று இரண்டு ஒரே இனத்தில் விழுந்த மேசையில் கிடைத்தால் நிலைமை நேரெதிர். ஈடு கொடுக்கப் பலருக்குக் காரணம் உண்டு; அடுத்த சீட்டு என்னைக் கவிழ்க்கவும் கூடும். அங்கே பெரிதாகவும் உடனடியாகவும் வைக்க வேண்டும்.

1988இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகத் தொடரின் இறுதிக் கை, மெதுவாக ஆடுவதற்கு எல்லோரும் காட்டும் சான்று. ஜானி சானிடம் ஜாக்கியும் ஒன்பதும். ஃபிளாப்பில் ராணி, பத்து, எட்டு. ஃபிளாப்பிலேயே வரிசை அமைந்துவிட்டது. எதிரே எரிக் சைடல், ராணி ஜோடியோடு. சான் வலுவைக் காட்டாமல் பதுங்கினார். ரிவரில் சைடல் தம் முழுத் தொகையையும் தாமாகவே தள்ளினார். பத்தாண்டு கழித்து ‘ரவுண்டர்ஸ்’ திரைப்படம் அந்தக் கையைக் காட்டியதால், ஒரு தலைமுறையே பதுங்குவதுதான் மேதைமை என்று நம்பிவிட்டது. சானுக்கு அன்று அது பலித்ததற்குக் காரணங்கள் உண்டு: எதிரே ஒருவர்தான், அவரிடம் பந்தயம் வைக்கத் தக்க ஜோடி இருந்தது. விதிவிலக்கை விதியாக எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

ரிவரில், இனி சீட்டு வராது, என் கையை யாரும் வெல்ல முடியாது என்ற நிலையில் கணக்கு இன்னும் தெளிவு. பாட் 100. 50 வைத்தால் பத்தில் ஆறு முறை ஈடு கிடைக்கும் என்று நினைத்தால், சராசரி வரவு 30. 100 வைத்து நான்கு முறை கிடைத்தால் 40. 200 வைத்து ஒரே முறை கிடைத்தால் 20. அளவை இரட்டித்தால், ஈடு கொடுப்போர் பாதியாகக் குறைந்தாலும் நட்டமில்லை. என்னைப் போன்ற அச்சக்காரர்கள் மறப்பது இதைத்தான்: விலகிப் போகிறவர்களின் எண்ணிக்கை கண்ணில் படுகிறது; ஈடு கொடுப்பவரிடம் விட்டுவந்த தொகை கண்ணில் படுவதில்லை.

எதிராளி பிழையே செய்யாதவராக இருந்தால்? பாதிப் பாட் பந்தயத்திற்கு அவர் மூன்றில் இரண்டு முறை ஈடு கொடுக்க வேண்டும். முழுப் பாட் என்றால் இரண்டில் ஒரு முறை. இருமடங்கு என்றால் மூன்றில் ஒரு முறை. இதற்குக் குறைந்தால், வெறுங்கையோடு மிரட்டுபவர் சும்மாவே இலாபம் பார்ப்பார். இதைக் கொண்டு வரவைக் கணக்கிட்டால் 33, 50, 67 என்று ஏறுகிறது. வெல்ல முடியாத கைக்குப் பெரிய பந்தயமே மேல். ஆனால் ஒரு நிபந்தனை: பெரிய பந்தயம் எப்போதும் வலுவான கையைத்தான் குறிக்கும் என்று தெரிந்துவிட்டால் யாரும் ஈடு கொடுக்க மாட்டார்கள். ஆகவே அதே அளவில் சில வெற்றுக் கைகளையும் வைத்தாக வேண்டும். முழுப் பாட் பந்தயத்தில் இரண்டு வலுவான கைக்கு ஒரு பிளஃப். பாதிப் பாட்டில் மூன்றுக்கு ஒன்று. மிரட்டல் என்பது குணக்கேடு அன்று, கணிதத்தின் விளைவு என்பதை ஜான் வான் நியூமன் தம் ஆட்டக் கோட்பாட்டில் காட்டினார். 1928இல் அவர் எழுதிய கட்டுரையே அறைக்குள் ஆடும் ஆட்டங்களைப் பற்றியதுதான். 1944இல் மார்கன்ஸ்டெர்னோடு எழுதிய நூலில் போக்கருக்குத் தனி இடமுண்டு. அவருடைய எளிய மாதிரியில் மிக வலுவான கைகளும் மிக மோசமான கைகளும் பந்தயம் வைக்கின்றன. இடைப்பட்டவை அமைதி காக்கின்றன.

2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை இருபது நாளில் 1,20,000 கைகள் ஆடி வென்றது. மனிதர்கள் பாதி, முக்கால் என்று பழகிய அளவுகளில் வைத்துக்கொண்டிருக்க, அது பாட்டைப் போல் பல மடங்கையும் தயங்காமல் வைத்தது. அதற்கு நல்ல கை வந்த மகிழ்ச்சியும் இல்லை, யாராவது போய்விடுவார்களோ என்ற பயமும் இல்லை.

இவ்வளவையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட விரைவில் தேர்ந்துவிட்டான். மூன்று மாதத்தில் சனிக்கிழமை மேசையில் எல்லோருடைய 200 ரூபாயும் பெரும்பாலும் அவனிடமே சேர்ந்தது.

பிறகு அவன் சனிக்கிழமைகளில் வருவது குறைந்தது. ஆய்வு வேலை என்று நினைத்தேன். உதவித்தொகை ஆறு மாதமாக வரவில்லை. 2024 தொடக்கத்தில் நிலுவை முழுவதும் ஒரே நாளில் கணக்கில் விழுந்தது. மாதம் 37,000 வீதம் 2,22,000 ரூபாய். வீட்டிலிருந்து வந்த முதல் தலைமுறை ஆய்வாளனுக்கு அவ்வளவு பணத்தை ஒருசேரப் பார்ப்பது அதுவே முதல் முறை. அதில் பெரும்பகுதியை இணைய மேசைகளில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். முதல் மூன்று வாரம் வென்றான். அதனால் பெரிய மேசைக்கு மாறினான். அங்கும் வென்றான். பிறகு இன்னும் பெரிய மேசை. ஒரு நள்ளிரவில், மிச்சமிருந்த ஏறத்தாழ முழுத் தொகையும் ஒரே மேசையில் அவன் முன்னால் இருந்தபோது, கையில் இரண்டு ஒன்பதுகள் வந்தன. ஃபிளாப்பில் ஒன்பது வந்தது; கூடவே இரண்டு கிளாவர்கள். அவன் நான் சொன்னபடி பெரிதாக வைத்தான். எதிராளி முழுத் தொகையையும் தள்ளினார். அவனும் தள்ளினான். எதிரே ஏஸும் ராஜாவும், இரண்டும் கிளாவர். நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு வெற்றி அவன் பக்கம். டர்னில் கிளாவர் வந்தது. ரிவர் உதவவில்லை.

அடுத்த வாரம் அலைபேசிக் கடன் செயலிகளில் வாங்கி ஆடினான். அதுவும் போயிற்று. ஊரில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் அனுப்ப முடியாத நிலை வந்த பிறகே என்னிடம் வந்தான். அழவில்லை. மடிக்கணினியைத் திறந்து அந்தக் கையைக் காட்டினான். “அக்கா, இதுல நான் எங்க தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க.”

நான் பார்த்தேன். தப்பில்லை. அந்த ஃபிளாப்பில் அந்தச் சீட்டோடு நானும் அதையே செய்திருப்பேன், லிப்ராட்டஸும் செய்திருக்கும். பல நாள் யோசித்த பிறகே எனக்கு விடை கிடைத்தது. தவறு அந்தக் கையில் நடக்கவில்லை. சீட்டுப் போடுவதற்கு முன்பே நடந்துவிட்டது.

1956இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி ஒரு கட்டுரை எழுதினார். சாதகமான பந்தயம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது ஒவ்வொரு முறையும் கையிருப்பில் எத்தனை பங்கை வைக்க வேண்டும் என்பது கேள்வி. ஒன்றுக்கு ஒன்று என்ற பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழித்தால் வருவதே விடை. நான்கில் மூன்று முறை வெல்லும் பந்தயம் என்றால் பாதி. முழுவதும் அன்று. ஏன் என்பதை எளிதில் பார்க்கலாம். நான்கில் மூன்று வாய்ப்புள்ள பந்தயத்தில் ஒவ்வொரு முறையும் முழுக் கையிருப்பையும் வைப்பவரின் சராசரி செல்வம், பத்து முறைக்குப் பின் 57 மடங்குக்கு மேல். ஆனால் பத்தும் வென்று அந்தச் செல்வத்தைக் காண்பவர் நூற்றில் ஆறு பேருக்கும் குறைவு. மற்ற அனைவரிடமும் இருப்பது பூச்சியம். சராசரி உண்மை, அதை அனுபவிப்பவர்தான் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அவன் அந்த மேசையில் உட்கார்ந்தபோது அவனிடம் ஒன்பதுகள் இல்லை. எந்தச் சீட்டும் இல்லை. உட்காரும் அந்த நொடியில் அவனுடைய சாதகம் நான்கில் மூன்று அன்று. நன்றாக ஆடுபவன் என்பதால் நூற்றுக்கு 52 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கெல்லியின் கணக்குப்படி வைக்கத் தக்கது கையிருப்பில் 4 விழுக்காடு. மேசையை நடத்துபவர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழித்தால் அதுவும் மிஞ்சுமா என்பது ஐயம். ஒருமுறை மேசையில் வைத்துவிட்டால், செட் கிடைக்கும்போது முழுவதையும் தள்ளுவதுதான் சரியான ஆட்டம். ஆகவே எவ்வளவு வைப்பது என்ற மிகப் பெரிய தீர்மானம் ஃபிளாப்பில் எடுக்கப்படுவதில்லை; கையில் ஒரு சீட்டும் இல்லாதபோது, நாற்காலியை இழுத்துப் போடும்போது எடுக்கப்படுகிறது.

இதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எனக்குத் தெரியாமலில்லை, கெல்லியின் கட்டுரையை வகுப்பிலேயே படித்தவள்தான். எங்கள் மேசையில் அந்தப் பாடத்துக்குத் தேவையே எழவில்லை. 200 ரூபாய் என்ற விதி எங்களுக்காக அந்தத் தீர்மானத்தை எடுத்துவிட்டிருந்தது. வேலிக்குள் ஓடக் கற்றுக்கொடுத்துவிட்டு, வேலி இருப்பதைச் சொல்லாமல் விட்டேன். என் குறை பயம். அதனால் பயத்தைப் போக்கும் மருந்தை எல்லோருக்கும் பரிந்துரைத்தேன். அவனுக்கு அந்த நோயே இருந்ததில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல் தடை செய்தது. பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் அந்த வேறுபாட்டைப் பற்றியே வழக்காடினார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மிகுந்த ஆட்டம் என்றதிலிருந்து அது தொடர்கிறது. சட்டத்தின் நன்மை தீமைகளை வேறொரு நாள் பேசலாம். ஒன்றை மட்டும் சொல்வேன்: அவனிடம் திறமை இருந்தது. திறமை இருந்ததால்தான் பெரிய மேசைக்குப் போனான். திறமையற்றவன் முதல் வாரமே 5,000 ரூபாயோடு திரும்பியிருப்பான்.

சனிக்கிழமை ஆட்டம் இன்றும் நடக்கிறது. தாதா வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போதும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்; எட்டின் கனமூலத்துக்கும் 27இன் கனமூலத்துக்கும் முன்னால் கெல்லியை எழுதுகிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவன் வருவதில்லை. நானும் அழைப்பதில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடித்துவிட்டான். தங்கையும் படிப்பை விட்டுவிடவில்லை.

இந்தப் பதிவை அவனிடம் காட்டிவிட்டே வெளியிடுகிறேன். பெயர் வேண்டாம் என்றான். கடன் செயலிகள் பற்றிய வரி இருக்கட்டும், யாருக்காவது உதவும் என்றான். ஒரே ஒரு திருத்தம் கேட்டான்: “அந்த ஒன்பது கையில நான் ஆடினது சரிதான்னு தெளிவா எழுதுங்க அக்கா.”

எழுதிவிட்டேன். சரிதான்.